கரண்டி யார் கையில்?

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே புறப்பட்டுத் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். கரை கொள்ளாத கூட்டம். எல்லாச் சாதிக்காரர்களும் அதே ஆற்றில் முழுகுகிறார்கள். தண்ணீரில் தீட்டுப் பார்க்க வழியில்லை. முழுகி எழுந்தால் பசிக்கும். பந்தலில் சோறு போடும்போது கரண்டி யார் கையில் இருக்கிறது? அடுத்த தையில் போகிறவர்கள் சாமியைப் பார்த்த பிறகு இதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைத் தமிழ்நாடு அரசின் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ தன் செலவில் சென்னை தரமணியிலுள்ள ஹோட்டல் மேனேஜ்மெண்ட் நிறுவனத்தில் படிக்க வைக்கிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வரும் நிறுவனம் அது. பிளஸ் டூ தேறியவர்கள் மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் சேரலாம். ஒன்றரை ஆண்டில் முடிகிற சமையல் பட்டயப் படிப்பும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மணலூர்பேட்டைக் காலனிப் பையனுக்கும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பெண்ணுக்கும் கைக்கெட்டும் திட்டம்தான்.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்தது. இன்றும் அங்கிருந்து மிளகு, காப்பித் தோட்டக் கூலிக்குக் கேரளமும் கர்நாடகமும் போகிறார்கள். அதே மலைக்கு விடுமுறை நாளில் கார் பிடித்து மேகம் அருவிக்கும் கரியாலூர் படகுத் துறைக்கும் ஆள் வருகிறது. வருகிறவர்களுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும். இந்தப் படிப்பின் வழியே அந்தக் காசு மலைக்காரர்கள் கையில் நின்றால் என்ன கெட்டுவிடும்?

‘ஏழைப் பிள்ளைக்குத் தட்டேந்தும் படிப்பு, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் படிப்பா?’ என்று நம் பக்கத்துத் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கோபம். ஆனால் சமையல்கட்டு இந்த நாட்டில் எப்போது எல்லோருக்கும் திறந்திருந்தது? ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்றிருந்ததை 1941-இல் போராடித்தான் ஒழிக்க வேண்டியிருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற எழுத்தை நீக்கப் பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். ஒரு பலகையைக் கழற்ற அவ்வளவு பாடு. அது பழைய கதை என்பவர்களுக்கு 2018-ஐ நினைவூட்டுகிறேன். அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பட்டியல் சாதிப் பெண்ணை ஊரார் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவுக்கு இடமாற்றம் போட்டார்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் அதை ரத்து செய்தார்கள். முட்டையும் பருப்பும் அரசாங்கத்துடையவை. கைதான் பிரச்சினையாக இருந்தது.

ஆகவே சமையல் படிப்பைச் சேவகம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. என் சந்தேகம் வேறு இடத்தில்.

ஹோட்டல் வேலை என்பது ஒரே வேலை அல்ல. வகுப்பில் எல்லாம் கற்றுத் தருவார்கள். மெத்தை விரிப்பின் மூலையைச் சுருக்கம் விழாமல் சாய்வாக மடித்துச் செருகுவது. தண்ணீர் டம்ளரை வாய்ப்பக்கம் விரல் படாமல் அடியில் பிடித்து வைப்பது. உணவை விருந்தினரின் இடப்பக்கம் நின்று பரிமாறுவது. வெங்காயத்தை விரல் மடக்கி நறுக்குவது. கழிவறைப் பீங்கானை எந்தத் திரவம் ஊற்றி, எவ்வளவு நேரம் ஊறவிட்டுத் தேய்ப்பது. எல்லாமே தொழில், எதிலும் இழிவில்லை. படித்து முடித்து வேலைக்குப் போகும் இடத்தில்தான் பிரிவினை நடக்க வாய்ப்பு இருக்கிறது. ரிசப்ஷனில் நிற்க ‘லட்சணமான’ ஆள் தேடுவார்கள். அடுப்படிக்கு ‘நம்ம ஆள்’ என்பார்கள். பக்கெட்டும் பிரஷும் மட்டும் யாரிடமும் சிபாரிசு கேட்காது. பாட்டன் கையிலிருந்த துடைப்பத்தைப் பேரன் கையில் சான்றிதழோடு கொடுத்தால் அதன் பெயர் முன்னேற்றமா?

‘இத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தோம்’ என்ற கணக்கு எனக்குப் போதாது. எத்தனை பேர் அடுப்பு முன்னால் நிற்கிறார்கள், எத்தனை பேர் ரிசப்ஷனில், எத்தனை பேர் கழிவறையில், ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் செஃப், எத்தனை பேர் மேனேஜர் என்று பிரித்துச் சொல்லட்டும். திட்டம் வென்றதா தோற்றதா என்று அப்போது பேசலாம்.

அரசை மட்டும் கேட்டால் நாம் தப்பித்துவிடுவோம். திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போய், பசியோடு ஏதோ ஒரு ஹோட்டலில் நுழைகிறோம். சரக்கு மாஸ்டர் என்ன சாதி என்று யாராவது கேட்டதுண்டா? இட்லி சூடாக இருந்தால் போதும். அப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்த அதே ஆள் தன் வீட்டில் கல்யாணம் வைத்தால் ‘சமையலுக்கு யாரு?’ என்று முதலில் விசாரிக்கிறார். முரளி கபேயில் இறங்கிய பலகை, கேட்டரிங் விசிட்டிங் கார்டில் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பணம் கொடுத்துத் தின்னும்போது இல்லாத தீட்டு, பந்தியில் உட்கார்ந்தால் எங்கிருந்து வருகிறது? நாக்குக்குத் தெரியாத சாதி, உறவுக்காரன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால் அது சுத்தம் பற்றிய கவலை ஆகாது, வெறும் பயம்.

மணலூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் முகூர்த்த நாளுக்குக் குறைவில்லை. தரமணியில் படித்துவிட்டு வந்த காலனிப் பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்து, உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியின் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். பாத்திரம் கழுவ என்றால் கூப்பிட வேண்டாம். சாம்பாருக்கு உப்புப் பார்க்கக் கூப்பிடுங்கள்.