தண்டனையா, விளைவா? பருவநிலைப் பேரழிவு எழுப்பும் அறக்கேள்வி

ரோலண்ட் எமெரிக் இயக்கத்தில் 2004 மே மாதம் வெளியான ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’, பருவநிலை மாற்றத்தைக் கதைக்கருவாகக் கொண்ட பெரும் பொருட்செலவுப் படம். சுமார் 12.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் சுமார் 55 கோடி டாலர் வசூலித்தது. புயலும் பேரலையும் உறைபனியும் சில நாட்களுக்குள் வட அரைக்கோளத்தைச் சூறையாடுவதே கதை. அந்தக் காட்சிகளுக்கு அடியில், சமயங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் ஒரு கேள்வி இருக்கிறது. பேரழிவு என்பது மனிதர் பிழைக்கு மேலிருந்து வரும் தண்டனையா, அல்லது செயலைத் தொடர்ந்து வரும் விளைவா?

படத்தின் கதை

அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் ஜாக் ஹால் என்ற ஆய்வாளரின் குழு துளையிட்டுக்கொண்டிருக்கும்போது காலடியிலேயே பனி பிளக்கிறது. படம் இங்கே தொடங்குகிறது. உண்மையிலும் 2002ஆம் ஆண்டில் அதே பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு சில வாரங்களில் நொறுங்கிப் போனது. டெல்லியில் நடக்கும் ஐ.நா. மாநாட்டில் ஹால் எச்சரிக்கிறார். அமெரிக்கத் துணை அதிபரோ, மாசைக் குறைக்க ஆகும் செலவை யார் தருவது என்று கேட்டு அந்த எச்சரிக்கையை ஒதுக்குகிறார். பிறகு வட அட்லாண்டிக் நீரோட்டம் நிற்கிறது. நியூயார்க் வெள்ளத்தில் மூழ்கி உறைகிறது.

இதன் அறிவியல் பாதி உண்மை, பாதி மிகை. உப்பும் குளிரும் சேர்ந்து கனத்த கடல்நீர் வட அட்லாண்டிக்கில் ஆழத்துக்கு இறங்குவதால்தான் அந்தப் பெரும் நீரோட்டம் இயங்குகிறது. பனி உருகிய நன்னீர் அதிகம் கலந்தால் நீரின் அடர்த்தி குறைந்து, நீரோட்டம் தளரும். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் பகுதி திடீரெனக் குளிர்ந்ததற்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆனால் அந்த மாற்றத்துக்கும் பல ஆண்டுகள் பிடித்தன. புயலின் நடுவே மேலிருந்து இறங்கும் காற்று மனிதரை நொடியில் உறையவைக்கும் என்பது இயற்பியலுக்குப் பொருந்தாது. இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். நீரோட்டம் இந்த நூற்றாண்டில் தளரும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் மதிப்பிட்டது. 2100க்குள் அது திடீரென நின்றுபோகாது என்பதில் அந்தக் குழுவுக்கு நடுத்தர அளவு நம்பிக்கையே இருந்தது.

பழைய விவாதம்

பேரழிவுக்குச் சமயம் தந்த விடைகளில் மிகப் பரவலானது தண்டனை. பாவம் பெருகிய உலகை வெள்ளம் கழுவ, நல்லவன் ஒருவன் மரக்கலத்தில் தப்புகிறான் என்ற கதை விவிலியத்தில் உண்டு. மெசபடோமியாவின் களிமண் ஏடுகளில் அதற்கும் முந்தைய வடிவங்கள் உள்ளன.

இந்த விடை ஐரோப்பாவில் ஆட்டங்கண்டது 1755 நவம்பர் 1 அன்று. புனிதர் அனைவரின் திருநாளில் தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தகர்த்தது. பின்னாலேயே கடலலையும் தீயும் வந்தன. வழிபாட்டில் இருந்தவர்களே மடிந்த இந்த நிகழ்வை எந்த இறைநீதியில் பொருத்துவது என்று தத்துவவாதி வால்டேர் கேட்டார். அவர் காலத்துத் தத்துவவாதியான ரூசோ வேறு கோணத்தில் பார்த்தார்: பல மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று, மனிதர், ஆகவே சேதத்தில் ஒரு பங்கு மனிதர் பொறுப்பு.

இந்தியாவில் இதே விவாதம் 1934இல் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் இருந்த காந்தி, சில நாட்களுக்குப் பின் திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே இது என்றார். ரவீந்திரநாத் தாகூர் அதை மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணமே இருக்க முடியும் என்பது அவர் வாதம். தண்டனை என்ற வாதத்தைக் காந்தியின் எதிரிகளும் அவர் மீதே திருப்பலாம் என்றும் சுட்டிக்காட்டினார். காந்தி தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. தாகூரின் மறுப்பு காந்தியின் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியானது.

பருவநிலை ஏன் வேறுபடுகிறது

பூமிக்கடியில் பாறைத்தட்டு நகர்வதற்கும் மேலே மனிதர் நடந்துகொள்ளும் முறைக்கும் தொடர்பில்லை. அதனால் லிஸ்பனிலும் பீகாரிலும் தண்டனை என்ற விளக்கம் நிற்கவில்லை. பருவநிலை மாற்றத்தின் நிலை வேறு. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடி, வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. தாகூர் கேட்ட இயற்கைக் காரணம் இங்கே தெளிவாக இருக்கிறது. காந்தி வலியுறுத்திய மனிதப் பொறுப்பும் இருக்கிறது. அன்று எதிரெதிராக நின்ற இரு நிலைகளும் இங்கே ஒன்றாகின்றன. மனிதரின் பேராசையும் அலட்சியமும் வானிலையின் இயற்பியலுக்குள்ளேயே நுழைந்துவிட்டன.

ஆனாலும் இதைத் தண்டனை என்று சொல்ல முடியாது. தண்டனைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு: தவறு செய்தவர்மீதே அது விழ வேண்டும், தவற்றின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், மனம் வருந்தினால் குறையவோ நீங்கவோ வழி இருக்க வேண்டும். பருவநிலைக்கு இந்த மூன்றும் பொருந்தவில்லை. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை எரிபொருள்களால் வெளியான கார்பன் டை ஆக்சைடில் சுமார் நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. கடல்மட்டம் உயர்வதால் நிலத்தை இழப்பவர்களோ வங்கதேசக் கரையோர உழவர்களும் துவாலு போன்ற சிறு தீவுகளின் மக்களும். செய்தவரே அனுபவிப்பார் என்ற வினைக் கோட்பாடும் இங்கே அப்படியே பொருந்தவில்லை: ஒரு தலைமுறை எரித்ததன் வெப்பத்தை இன்னும் பிறக்காத தலைமுறைகள் சுமக்க வேண்டும். வருந்துவதால் மட்டும் காற்றிலுள்ள கார்பன் குறையாது.

படம் தொட்டதும் தவறவிட்டதும்

படம் இந்த அநீதியை ஓரிடத்தில் துணிந்து தொடுகிறது. உறைபனிக்குத் தப்பி லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் தெற்கே ஓட, மெக்சிகோ எல்லையை மூடுகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் கடன்களைத் தள்ளுபடி செய்த பிறகே வழி திறக்கிறது. அதுவரை மக்கள் ரியோ கிராண்டே ஆற்றில் இறங்கிக் கடக்கின்றனர். வழக்கமான திசை தலைகீழாகிறது. செல்வந்த நாடு ஏழை நாட்டின் வாசலில் நிற்கிறது.

இன்னொரு காட்சி நியூயார்க் பொது நூலகத்தில் நடக்கிறது. குளிரில் உயிர்பிழைக்க, உள்ளே சிக்கியவர்கள் புத்தகங்களைக் கணப்பில் போட்டு எரிக்கிறார்கள். வரிச்சட்டத் தொகுதிகள் தயக்கமின்றித் தீக்குப் போகின்றன. ஒருவர் மட்டும் குட்டன்பர்க் விவிலியத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறார். தாம் இறைநம்பிக்கை அற்றவர் என்றும், அச்சில் வந்த அந்த நூல் பகுத்தறிவுக் காலத்தின் விடியல் என்பதால் அதைக் காப்பதாகவும் சொல்கிறார். மீட்புக்காக வானத்தை நோக்காமல், மனிதர் கைமாற்றித் தந்த அறிவைக் காக்கும் இந்தச் செயலில்தான் படத்தின் மிக ஆழமான சிந்தனை இருக்கிறது.

முடிவில் படம் சறுக்குகிறது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் பூமியைப் பார்த்து, காற்று இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை என வியக்கிறார்கள். கோடிக்கணக்கானோரின் சாவு ஒரு சுத்திகரிப்பாகிவிடுகிறது. வெள்ளம் உலகைக் கழுவிய பழைய கதை புதிய உடையில் திரும்பி வருகிறது. உண்மையான பருவநிலை மாற்றம் எதையும் கழுவித் தராது. அது பல பத்தாண்டுகளாக, மெதுவாக, எளியவர்களிடமிருந்தே முதலில் பறிக்கிறது.

பொறுப்பு யாருடையது

ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட பொறுப்பு குறித்த நூலில், தொலைவில் உள்ள தீமையை முன்கூட்டியே மனத்தில் கண்டு அஞ்சுவது ஒரு கடமை என்று வாதிட்டார். பிறக்காதவர்கள் பேச முடியாது. அவர்களுக்காக இன்று இருப்பவர்கள்தான் அஞ்ச வேண்டும். அழிவுப் படம் அந்த அச்சத்தை எழுப்ப முடியும். ஆனால் அச்சம் செயலாக மாறாவிட்டால் அது வெறும் வேடிக்கையாகவே நின்றுவிடும்.

தண்டனை என்று நம்பினால் நீதி வழங்கும் வேலையை இறைவனிடமோ இயற்கையிடமோ விட்டுவிடலாம். விளைவு என்று ஏற்றுக்கொண்டால் அந்த வேலை மனிதரிடம் வந்து சேர்கிறது. காரணத்தை நிறுத்துவதும், இழந்தவர்களுக்கு ஈடு செய்வதும் அதன் இரு பகுதிகள். 2022இல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில், இழப்பும் சேதமும் சந்தித்த நாடுகளுக்கென ஒரு நிதியம் அமைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டது இந்த இரண்டாம் பகுதியின் தொடக்கம். இயற்கை யாருக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. அதனால் இந்த அநீதியைச் சரிசெய்யும் கடமை அதை உண்டாக்கியவர்களுடையது.