சாவித்திரியின் முகம்

மத்தியானம் கரண்ட் போனால் இளம்பிள்ளையில் தெருவே அடங்கிவிடும். தறிச் சத்தம் நின்றதும் கஞ்சமலைகூடக் கொஞ்சம் பக்கத்தில் வந்த மாதிரி இருக்கும். நான் படித்ததில் பாதி இந்த நேரங்களில்தான்.

இன்று கல்கியின் ‘தியாக பூமி’யை மறுபடி எடுத்தேன். சினிமாவோடு சேர்ந்தே வளர்ந்த கதை. கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். 1939-இல் படம் திரைக்கு வருமுன்பே சாவித்திரி என்றால் எஸ். டி. சுப்புலட்சுமி, சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன் என்று வாசகர் மனசில் முகம் பதிந்துவிட்டது. பிறகு ஆங்கில அரசு படத்துக்குத் தடை போட்டது. விகடனிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த பக்கங்களை அந்தத் தடை என்ன செய்யும்?

சினிமாவிலிருந்து வந்த புத்தகங்களில் நம்மிடம் அதிகம் புழங்கியவை கதை வசனப் புத்தகங்கள். ‘பராசக்தி’ வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அவற்றில் பேச்சுதான் இருக்கும். ஒருவர் பேசாமல் நிற்கும் நேரம் இருக்காது. அதற்கு நாவல் வேண்டும்.

இன்று வாசித்தது, தூங்கும் அப்பாவின் பக்கத்தில் கைக்குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு சாவித்திரி போய்விடுகிற இடம். என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் கரண்ட் போனதால் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தாள். சத்தமாக வாசித்தேன்.

“திரும்பிப் பாத்தாளா சாமி?” என்றாள்.

அந்தப் பத்தியை மறுபடி வாசித்தேன். படமென்றால் இதற்குள் அடுத்த காட்சி வந்திருக்கும். இங்கே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வேண்டிய மட்டும் நிற்கலாம். ஆயாவின் சுட்டுவிரலில் சிவப்பு நூல் ஒன்று சுற்றியபடி இருந்தது. அதை அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“அப்பன் தூக்கத்துலயே புள்ளயத் தொட்டுப் பாத்திருப்பான்” என்றாள். அது புத்தகத்தில் இல்லை. நான் இல்லையென்று சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. எதிர்வீட்டுத் தறி முதலில் ஓடியது, அப்புறம் எங்களுடையது. ஆயா எழுந்திருக்கவில்லை. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அடுத்த பக்கத்தை வாசித்தேன்.