அகப்பை யார் கையில்?

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறம். இதில் ஐயுறுவார் ஒருவருமிலர். ஆனால், அச்சோற்றை உண்டு எழுபவன் நாளை மற்றொருவனைக் கொல்லப் புறப்படுவான் என்பது இடுபவனுக்குத் தெரிந்திருந்தால், அப்பொழுதும் இடுவது அறமாகுமா? இடாது விடின், அவனருகே அமர்ந்து அதே பானையை நோக்கியிருக்கும் குழந்தையின் கதி யாது? நேயர்களே, இது திண்ணையில் சாய்ந்துகொண்டு பொழுதுபோக்கிற்காக எழுப்பும் தர்க்கமன்று. 1994-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் நடுவே, கோமா என்னும் ஊரில் அகப்பையோடு நின்ற தொண்டர்கள் நாள்தோறும் விடை கூறவேண்டியிருந்த கேள்வியாகும்.

முதற்கண் பழைய நெறியை நோக்குவோம். 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வட இத்தாலியில் சோல்பெரினோ என்னுமிடத்தே பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. தம் தொழில் காரியமாக அவ்வழிச் சென்ற ஜெனீவா நகரத்து ஹென்றி டுனாண்ட், கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டோரைக் கண்டு மனம் பதைத்தார். அருகிலிருந்த ஊர்ப் பெண்டிரோ, இவன் நம் பக்கத்தான், அவன் எதிரி என்று பிரியாமல் எல்லோருக்கும் நீர் கொடுத்தனர், புண்ணைக் கட்டினர். அக்காட்சியை அவர் 1862-இல் நூலாக எழுதினார். அதன் பயனாக 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. 1864-இல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் பிறந்தது. புண்ணைப் பார், புண்பட்டவனின் சட்டையைப் பாராதே என்பதே அந்நெறியின் சாரம்.

இது நமக்குப் புதிய பாடமன்று. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்தினுட் புகுந்தபோது, அங்குக் கிடந்தோரை நோக்கி, நீ செய்த குற்றம் யாது என்று விசாரித்தாளில்லை. பசி ஒன்றையே கண்டாள், சோறிட்டாள்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. சோல்பெரினோவில் வீழ்ந்து கிடந்தவன் ஆயுதத்தைக் கைவிட்டவன். சிறைக்கோட்டத்திலிருந்தவன் மதிலுக்குட்பட்டவன். இருவரும் அப்பொழுது எவருக்கும் தீங்கிழைக்க இயலாதவர்கள். கோமாவின் நிலையோ வேறு.

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ நூறு நாட்களில், ருவாண்டா நாட்டில் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். மாண்டோரிற் பெரும்பாலோர் டூட்சி இனத்தார். கொலையை எதிர்த்து நின்ற ஹூட்டு மக்களும் அவர்களோடு மாண்டனர். கொலைக்கு ஆணையிட்ட அரசு போரில் தோற்றதும், அதன் அதிகாரிகளும் படையினரும் கொலைக்கும்பல்களும் ஹூட்டுக் குடிமக்களைத் திரளாகத் தம்மோடு இழுத்துக்கொண்டு எல்லை கடந்தனர். ஜூலைத் திங்களின் நடுவில், சில நாட்களுக்குள் பல இலட்சம் பேர் கோமாவில் வந்து குவிந்தனர். அந்நாடு அன்று ஸயர். இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு.

அவ்விடத்து நிலமோ எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. கழிப்பிடம் தோண்டவும் வழியில்லை. பிணக்குழி தோண்டவும் வழியில்லை. அருகே கிவு ஏரி. அதன் நீரையே அள்ளிக் குடித்தனர். வாந்திபேதியும் இரத்தபேதியும் பரவின. ஒரே திங்களில் ஏறத்தாழ 50,000 பேர் மடிந்தனர். இந்நிலையில் தொண்டர்கள் வந்தனர். தூய நீர் தந்தனர், மருந்து தந்தனர், சாவு தணிந்தது. அப்பொழுது குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தால், ஆராய்ச்சி முடியுமுன் குழந்தைகள் மடிந்திருக்கும். ஆதலின் அன்று அவர்கள் செய்தது முழுதும் நேரியதே.

தவறு பின்னர் நுழைந்தது. இலட்சக்கணக்கானோருக்கு உணவு பங்கிடுவது எளிதன்று. எனவே, அகதிகளுக்குள் முன்பே இருந்த ஊர்த்தலைவர்களிடம் மூட்டைகளை ஒப்படைத்தனர். அத்தலைவர்களிற் பலர் யார்? ருவாண்டாவில் கொலையை நடத்தி வைத்தவர்களே! தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்லி மிகுதியைத் தாம் வாங்கினர், விற்றனர், அதன் பயனைத் தம் படையை வளர்க்கச் செலவிட்டனர். ஊர் திரும்ப எண்ணிய ஏழைகளை அச்சுறுத்தினர், சிலரைக் கொன்றனர். சோறு ஈந்தவர் தொண்டர். ஆனால் மக்கள் அஞ்சி வணங்கியது அகப்பை பிடித்தவனை. ஈகையே கொடுங்கோலாயிற்று.

இதுகண்டு தொண்டரிடையே பிளவு நேர்ந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, கொலைகாரர்க்குத் துணைபோக இயலாது என்று கூறி 1994 நவம்பரில் முகாம்களை விட்டு விலகிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகமோ, முகாமிற் குழந்தைகளும் பெண்டிரும் இருக்கின்றனர், அவர்களை விட்டுச் செல்வது எங்ஙனம் என்று தங்கிற்று. யார் செய்தது சரி?

விலகியோரை இரக்கமற்றோர் என்று பழித்தல் தகாது. தங்கியோரைக் கொலைக்கு உடந்தை என்று தூற்றுதலும் தகாது. நாம் கருதுவது இது: உண்பவனின் குற்றத்தை ஆராய்வது சோறிடுபவனின் வேலையன்று; அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால், தான் கொண்டுவந்த அகப்பை யார் கையிற் போகிறது என்று ஆராய்வது சோறிடுபவனுக்கே உரிய வேலை; அதனை அவன் வேறெவர் தலையிலும் சுமத்த முடியாது. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் நேரே உணவு சேரும்படி போராடுபவன் தங்கலாம். அது முடியாதென்று கண்டவன் விலகலாம். ஆனால் வாய்மூடி விலகலாகாது, காரணத்தை உலகறியச் சொல்லி விலகவேண்டும். அகப்பையையும் கொடுத்துவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, நான் கொடுத்தேன் என்று மகிழ்பவனுக்கு மட்டும் அறநூலில் இடமில்லை.

இன்னுமொரு கணக்கு உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, மனித குலத்துக்கெதிரான பெருங்குற்றம் புரிந்தோர் அகதிக்குரிய பாதுகாப்பைப் பெறார் என்று முன்பே விதித்திருந்தது. விதி இருந்தது, முகாமில் புகுந்து கொலைகாரரைப் பிரித்தெடுக்கும் படைதான் இல்லை. வல்லரசுகள் பணம் அனுப்பின, ஆள் அனுப்பவில்லை. கொலை நடந்துகொண்டிருந்த 1994 ஏப்ரல் 21-ஆம் நாளே, ருவாண்டாவில் இருந்த ஏறத்தாழ 2,500 அமைதிப்படையினரை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை தீர்மானித்தது! தடுக்கவேண்டிய நாளில் கைகட்டி நின்றோர், பின்னர் மாவு மூட்டைகளை அனுப்பித் தம் மனச்சான்றை ஆற்றிக்கொண்டனர். கடமைக்கு ஈடாகக் கொடையைச் செலுத்தும் இவ்வழக்கம் அரசுகளுக்கு மட்டும் உரியதா? கூலியைக் குறைத்துக்கொடுத்துவிட்டுத் திருவிழாவில் அன்னதானம் செய்யும் முதலாளியை நாம் கண்டதில்லையா?

1996-இன் இறுதியில் அம்முகாம்கள் படையெடுப்பால் சிதைந்தன. பல இலட்சம் பேர் நடந்தே ருவாண்டா திரும்பினர். எஞ்சியோர் மேற்கே காடுகளுக்குள் ஓடினர்; அவருட் பலர் பசியாலும் படையினர் கையாலும் மடிந்தனர். கொலைகாரனைப் பிரிக்காது விட்டதன் விலையை, கொலை செய்யாதவர்களும் செலுத்தினர்.

அன்பர்களே, வெள்ளமென்றும் போரென்றும் செய்தி வரும்போது நாமும் உண்டியலில் சில வெள்ளிகளை இடுகின்றோம். இடுவதை நிறுத்தவேண்டா. பெறுபவன் எம்மதத்தான், எவ்வினத்தான் என்று கேட்கவும் வேண்டா. ஆனால், யார் கை வழியே இது போகின்றது, கடைசி வீட்டுக் கிழவிக்கு அவள் கையிலேயே சேருமா, அவள் யாருக்கும் கும்பிடு போடாமல் வாங்க முடியுமா என்று கேளுங்கள். அக்கேள்வி ஈகையைக் குறைப்பதன்று. இரக்கத்துக்குக் கண் கொடுப்பது அதுவே.