அஞ்ஞானி என்னுஞ் சொல்

கோவையைச் சார்ந்த கணபதியில் எம் அயலில் வாழுங் கிறித்துவ ஆசிரியர் ஒருவர் எம்பாற் பெரியபுராணம் பாடங் கேட்டு வருகின்றனர். ஒருநாள் அவர், "ஐயா, எங்கள் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், 'அஞ்ஞானிகள்' என வருகின்றது. அது தங்களைப் போன்றாரைக் குறிக்குமோ?" என வினவினர். யாம் வெகுண்டு, "மிலேச்சர் மொழி வேறெவ்வாறிருக்கும்?" என்றனம். அவர் வாளா எழுந்து சென்றனர், மறுநாள் வந்திலர். வெகுளி தணிந்தபின் யாம் ஆராய்ந்தவற்றை ஈண்டு எழுதுகின்றனம்.

அவ்விடத்துள்ள கிரேக்கச் சொல் வேற்றினத்தார் என்னும் பொருளது. இலத்தீனில் வழங்கிய 'பாகானுஸ்' என்பதும் முதற்கண் நாட்டுப்புறத்தான் எனப் பொருள்பட்டு, நான்காம் நூற்றாண்டளவிற் கிறித்துவரல்லாதாரைச் சுட்டுவதாயிற்று. இவை இனமும் இடமும் பற்றி எழுந்த பெயர்கள். இவற்றிற்குத் தமிழில் 'அஞ்ஞானி' என்றபோது பொருள் வேறாயிற்று. நம் நூல்களில் அஞ்ஞானமாவது ஆணவமலத்தின் செயல். செம்பிற் களிம்புபோல எல்லா உயிர்களையும் அநாதியே பற்றி நிற்பது. ஒரு சமயத்தார்க்கே உரியதன்று.

பாதிரிமாரும் அதனை இகழ்ச்சிப் பெயராகவே ஆண்டனர் அன்றோ எனின், ஆண்டனர். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1713-இல் 'அக்கியானம்' என்னும் பெயராலேயே ஒரு நூல் அச்சிட்டனர். ஆயினும் அவரே அவ்யாண்டில், தமிழரை வினவியறிந்து அவர்தந் தெய்வங்களைப் பற்றிச் செருமானிய மொழியில் நூலெழுதி, பரம்பொருள் ஒன்றென்பதைத் தமிழர் அறிவர் என ஒப்பினர். அந்நூல் 1867-இலேதான் சென்னையில் அச்சேறிற்று. இகழ்ந்தது உடனே பரவ, வினவியறிந்தது நூற்றைம்பதாண்டின் மேலும் காத்திருந்தது.

பிறனை அஞ்ஞானி என்பான், தன்னை மலத்தின் நீங்கினானாகக் கருதுகின்றான். மலத்தாற் கட்டுண்ட உயிர் பிறிதோருயிரின் பக்குவத்தை அளத்தல் யாங்ஙனம்? அஃது இறைவற்கே இயல்வது. ஆகலின் அச்சொல்லை ஒருவன் தன்மேல் ஏற்றிக் கூறுதல் தகும். பிறர்மேல் ஏற்றல் தகாது. யாம் 'மிலேச்சர்' என்றதும் அக்குற்றமே.

அற்றேற் பரசமய மறுப்புக் கூடாதோ எனின், கூடும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, அவ்வம் மதத்தார் கூற்றை முன்வைத்துப் பின்னரே மறுத்தனர். கொள்கையை மறுத்தற்கு முதலிற் கேட்டல் வேண்டும். பெயரிட்டு ஒதுக்குதற்கோ கேட்டல் வேண்டுவதில்லை.

யாம் அவ்வாசிரியர் இல்லஞ் சென்று பிழைபொறுக்க வேண்டினம். அவர் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை விரித்துக் காட்டினர். அவ்விடத்திற் 'பிற இனத்தவர்' என்றிருந்தது. அன்று மாலையே, விட்ட செய்யுளினின்று பாடந் தொடங்கிற்று.