நேர்முகத் தேர்வும் நிஷ்காம கர்மமும்

1958-ஆம் ஆண்டு. விமானப் பொறியியல் பயின்று, பெங்களூரில் பயிற்சியும் முடித்திருந்த இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் இரண்டு அழைப்புக் கடிதங்களுடன் வடக்கே ரயிலேறினார். ஒன்று டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்தது. மற்றொன்று டேராடூனில் இந்திய விமானப் படையின் தேர்வு வாரியத்திலிருந்து வந்தது. டெல்லித் தேர்வு எவ்விதப் பரபரப்புமின்றி முடிந்தது. அவரது உள்ளமோ டேராடூனில் இருந்தது. வானில் பறக்க வேண்டும் என்பது சிறுவயது முதல் அவர் போற்றி வளர்த்த கனவு. டேராடூன் தேர்வில் கலந்துகொண்டவர்கள் 25 பேர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 8 பேர். அவருக்குக் கிடைத்ததோ 9-ஆம் இடம்!

கடைசி இடம் பெற்றவனுக்குக்கூட ஒருவித நிம்மதி உண்டு. ஒரே ஓர் இடத்தால் வாசற்படியில் நிறுத்தப்பட்டவனின் வேதனைதான் பெரிது. அந்த வேதனையுடன் அவர் ரிஷிகேசத்தை அடைந்தார். கங்கையில் நீராடிவிட்டு, சுவாமி சிவானந்தரின் ஆசிரமத்திற்குச் சென்றார். அவரது பெயர் ஓர் இஸ்லாமியப் பெயர் என்பது சுவாமிஜிக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. வாட்டத்தின் காரணத்தை வினவினார். விமானப் படையில் இடம் கிடைக்காததை இளைஞர் கூறினார். 'விமானியாவது உனக்கு விதிக்கப்பட்ட வழியன்று. இந்தத் தோல்வியை மறந்து, நீ எதற்காகப் பிறந்தாயோ அதைத் தேடு' என்ற கருத்துப்பட சுவாமிஜி அறிவுறுத்தினார். இளைஞர் டெல்லிக்குத் திரும்பினார். அங்கே அவருக்குப் பணி நியமனக் கடிதம் காத்திருந்தது. அந்த இளைஞரே பின்னாளில் பாரதத்தின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

பலனில் பற்றின்றிச் செயலாற்றுமாறு பகவான் கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில் உபதேசிக்கிறார். இதைத் தம் சோம்பலுக்குக் கவசமாக்கிக் கொள்பவர்கள் உண்டு. 'கிடைப்பது கிடைக்கும்' என்று கூறிவிட்டு, விண்ணப்பித்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதைக்கூட அறியாமல் தேர்வுக்குச் செல்வது கர்மயோகம் ஆகாது. அது வெறும் தாமச குணம். அதே அத்தியாயத்தின் 50-ஆம் சுலோகம் யோகத்தைச் செயலில் திறமை என்று கூறுவதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். பற்றின்மை பலனைப் பற்றியது, தயாரிப்பைப் பற்றியதன்று.

தயாரிப்பு எத்தகையதாக இருக்க வேண்டும்? இதற்கு ஆஞ்ஜநேயரைவிடச் சிறந்த ஆசான் யார்? வால்மீகி ராமாயணத்தின் கிஷ்கிந்தா காண்டத்தில், வில்லேந்தி வரும் இரு வீரர்களைக் கண்டு சுக்ரீவன் அஞ்சுகிறான். அவர்கள் யார் என்று அறிந்துவர அனுமனை அனுப்புகிறான். துறவி வேடத்தில் வந்த அனுமன் பணிவுடன் வணங்கி, அவர்களைப் பற்றி வினவி, தான் யார், யாருடைய அமைச்சன், எதற்காக வந்தான் என்பதை ஒளிக்காமல் கூறுகிறான். உடனே ஸ்ரீராமன் லக்ஷ்மணனிடம் அவனை வியந்து பேசுகிறான். வேதங்களைக் கற்காதவனால் இவ்வாறு பேச இயலாது. இலக்கணத்தை நன்கு பயின்றிருக்கிறான். இவ்வளவு பேசியும் ஒரு பிழையில்லை. முகத்திலோ கண்களிலோ புருவத்திலோ விகாரமில்லை. நீட்டி முழக்கவும் இல்லை, குழப்பவும் இல்லை. இழுக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. குரல் நடுத்தரமாக ஒலித்தது. ஸ்ரீராமன் கவனித்தவை இவை. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் இன்றைய பயிற்சி வகுப்புகள் இதற்குமேல் அதிகமாக ஒன்றும் சொல்லித் தருவதில்லை!

எனினும் அந்த வகுப்புகளில் கிடைக்காத ஒன்று அனுமனிடம் இருந்தது. அவன் தனக்காகப் பேசவில்லை. சுக்ரீவனின் நலனே அவன் மனத்தை நிறைத்திருந்தது. நேர்முகத் தேர்வில் நா வறள்வதும் கை நடுங்குவதும் எதனால்? 'என்னைப் பற்றி இவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்ற எண்ணத்தால்தான். அந்த 'நான்' எவ்வளவு பெருக்கிறதோ அவ்வளவு அச்சமும் பெருக்கிறது. 'இந்தப் பணியில் என்னால் யாருக்கு என்ன பயன்?' என்று முன்கூட்டியே உண்மையாகச் சிந்தித்தவனுக்கு அச்சம் தானாகவே குறைகிறது. பெரும்பாலான கேள்விகளுக்கு விடையும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது சத்தியம். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் குடிமைப் பணிகளுக்காக நடத்தும் நேர்காணலுக்கு ஆளுமைத் தேர்வு என்றே பெயர். மொத்த மதிப்பெண்கள் 2,025. அதில் இதற்கு 275. அது குறுக்கு விசாரணை அன்று, நோக்கமுள்ள இயல்பான உரையாடல் என்று ஆணையமே விளக்குகிறது. விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதித் தந்த விவரங்கள் தேர்வுக் குழுவின் முன் இருக்கும். கவர்ச்சிக்காகப் பொழுதுபோக்கு 'கர்நாடக இசை' என்று எழுதியவரிடம் ஒரு ராகத்தின் ஆரோகணத்தைக் கேட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு பொய்யைக் காக்க அவர் மேலும் பல பொய்களைத் தேட வேண்டியிருக்கும். அறியாததை 'தெரியாது' என்று அமைதியாகக் கூறுபவருக்கு இழப்பது ஒரு விடை மட்டுமே.

இவ்வளவு செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். சுவாமி விவேகானந்தரே வேலை தேடி அலைந்தவர் என்பதை இளைஞர்கள் பலர் அறிவதில்லை. 1884-இல் தந்தை மறைந்ததும் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பட்டதாரியான நரேந்திரர் கையில் விண்ணப்பத்துடன், கொளுத்தும் வெயிலில் வெறுங்காலுடன், கல்கத்தாவின் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். எங்கும் கதவு மூடியே இருந்தது. ஸ்ரீராமகிருஷ்ணர் அவரைக் காளிகோயிலுக்கு அனுப்பியபோது, மூன்று முறை சென்றும் அவரால் பொருளைக் கேட்க முடியவில்லை. விவேகத்தையும் வைராக்கியத்தையும் ஞானத்தையும் பக்தியையுமே வேண்டினார். அவரை ஏற்க மறுத்த அந்த அலுவலகங்களின் பெயரை இன்று யார் அறிவார்?

ரிஷிகேசத்திலிருந்து திரும்பிய கலாம் சில ஆண்டுகளில் மற்றொரு நேர்முகத் தேர்வைச் சந்தித்தார். 1962-இல் அமைக்கப்பட்ட இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவில் ராக்கெட் பொறியாளர் பணிக்காக மும்பையில் நடந்த தேர்வு அது. படித்துத் தயாராகவோ, அனுபவசாலிகளிடம் கேட்டறியவோ அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. ஆனால் இம்முறை, வென்றே தீர வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் இல்லை. எதிரே அமர்ந்திருந்தவர்களில் டாக்டர் விக்ரம் சாராபாயும் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனனும் இருந்தனர். இவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, இவர் எவ்வளவு வளரக்கூடியவர் என்பதையே சாராபாயின் கேள்விகள் தேடின. மறுநாள் மாலை அவர் தேர்வு பெற்றதாகத் தெரிவிக்கப்பட்டது.

2006 ஜூன் 8 அன்று புனே விமானப் படைத் தளத்திலிருந்து ஒரு சுகோய்-30 போர் விமானம் புறப்பட்டது. இணை விமானியின் இருக்கையில் இருந்தவர் முப்படைகளின் தலைமைத் தளபதியான கலாம். அப்போது அவருக்கு வயது 74.