படிக்காசும் பங்கு நெல்லும்

இறைவனுக்கென்று பாடுகிறவர், ஆடுகிறவர், செதுக்குகிறவர் சோற்றுக்கு யாரை அண்டியிருப்பது? அண்டியிருந்தால் அந்தக் கலை இன்னும் காணிக்கைதானா, இல்லை வேலைதானா? தமிழ்ச் சமய மரபு இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறது. இன்று கலைஞர்களுக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்துச் சில வாரங்களோ மாதங்களோ ஆதரிக்கும் உறைவிடத் திட்டங்கள் உலகெங்கும் நடக்கின்றன. கொடுப்பவர் எதை எதிர்பார்க்கலாம், வாங்குபவர் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அவற்றைச் சுற்றி எழும் விவாதமும் இதே கேள்விதான். கடவுள் நடுவில் இல்லை என்பதே வேறுபாடு.

சங்கப் பாடல்களில் கலைஞர் விருந்தாளி. பொருநராற்றுப்படையின் பொருநன் கரிகாலனிடம் பல நாள் தங்குகிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று பல் மழுங்கிப்போகும் அளவுக்கு உபசாரம். பிறகு ஊருக்குப் போக விடை கேட்கிறான், மன்னன் மனமில்லாமல் அனுப்புகிறான். வருவதும் போவதும் கலைஞன் கையில் இருந்தன. மானத்தையும் அவன் விட்டுவிடவில்லை. அதியமான் நேரில் பார்க்காமலே அனுப்பிய பரிசைப் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும், அறியாமல் கொடுப்பதை வாங்கிப்போகத் தான் வணிகன் அல்லன் என்பது அவர் நிலை (புறநானூறு 208). கொடுப்பவன் கலையை அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இங்கே விதிப்பவர் வாங்குபவரே.

பக்தி இலக்கியம் இந்த உறவைத் தலைகீழாக்கியது. திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் ஒன்பதாம் திருமொழி முழுவதையும் நம்மாழ்வார் இதற்கென்றே ஒதுக்கினார். தம் கவி மனிதருக்கு இல்லை என்பதே அதன் சாரம். செல்வரைப் பாடிப் பெறுவது நிலைக்காது, பாடப்படும் மானுடரும் நிலைக்கமாட்டார்கள் என்று மற்றப் புலவர்களுக்கும் அவர் எடுத்துச் சொல்கிறார். ஆனால் வயிற்றுக்கு என்ன வழி என்பதை இந்த வாதம் பேசவில்லை. அதைப் பேசியவர் சுந்தரர். திருப்புகலூர்ப் பதிகத்தில் அவரும் கஞ்சரைப் புகழ வேண்டாம் என்றுதான் புலவர்களிடம் சொல்கிறார். காரணம் மட்டும் வேறு. இறைவனைப் பாடினால் இம்மையிலேயே சோறும் துணியும் கிடைக்கும் என்கிறார். இருவரும் மனிதப் புரவலரை விலக்கினார்கள். ஒருவர் பரிசிலையும் சேர்த்து விலக்கினார், மற்றவர் பரிசில் தரும் கையை மட்டும் மாற்றினார்.

இதில் ஆழமான நிகழ்ச்சி திருவீழிமிழலையில் நடந்ததாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். கோயிலின் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்குமாக இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைக்கிறான். படிக்காசு என்றே அதற்குப் பெயர். கடைத்தெருவில் அப்பரின் காசு உடனே செல்லுபடியாகிறது. சம்பந்தரின் காசுக்கு வணிகர் வட்டம் (கழிவு) கேட்கிறார்கள், அதை மாற்றிப் பொருள் வாங்கி வரவே நேரமாகிவிடுகிறது. அதனால் அவருடைய மடத்தில் அடியார்களுக்கு உணவு தாமதப்படுகிறது. விசாரித்து அறிந்த சம்பந்தர், காசின் குறையைத் தீர்க்கும்படி பதிகம் பாடுகிறார். மறுநாளிலிருந்து நல்ல காசு வருகிறது.

வேறுபாட்டுக்குச் சேக்கிழார் தரும் காரணம் கவனிக்கத்தக்கது. அப்பர் பாடியதோடு நிற்காமல் உழவாரப்படை பிடித்துக் கைத்தொண்டும் செய்தார், ஆகவே அவர் காசில் குறையில்லை. அதாவது இறைவன் கொடுத்தாலும் ஊதியம் ஊதியம்தான், அதற்கு உழைப்பின் கணக்கு உண்டு என்று புராணம் ஒப்புக்கொள்கிறது. பாட்டு மட்டும் போதுமா என்ற சங்கடமான கேள்வியைச் சைவத்தின் தலையாய ஆசிரியர் ஒருவர்மீதே வைத்துப் பார்க்கும் துணிவும் இதில் இருக்கிறது. பாட்டாலேயே குறை நீங்கியது என்பதை நினைத்தால், இரு பக்கத்துக்கும் தீர்ப்பு கொடுக்காமல் கதை முடிகிறது என்றும் சொல்லலாம்.

கணக்கு கல்லில் ஏறியது தஞ்சாவூரில். முதலாம் இராசராசன் பெரிய கோயிலின் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 1010-இல். அவனது 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (1014 அளவில்) நீண்ட கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பட்டியலிடுகிறது. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று தெருக்கள். ஒவ்வொரு தெருவுக்கும் தென்சிறகு, வடசிறகு. தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசை எண். அந்த வீட்டுக்காரியின் பெயர், பெரும்பாலும் ‘நக்கன்’ என்ற முன்னொட்டோடு. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்ற குறிப்பு: திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம், திருவிடைமருதூர். ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கும் 100 கலம் நெல். கூத்தப்பெருமானின் பெயரையே அளவைக்குச் சூட்டியிருந்தார்கள்.

அதே கல்வெட்டில் நட்டுவம் செய்வோர், வீணை வாசிப்போர், உடுக்கை வாசிப்போர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர், சங்கு ஊதுவோர் வருகிறார்கள். தையற்காரர், தச்சர், கன்னார், தட்டார், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர் எல்லாரும் அதே வரிசையில்தான். பங்கின் அளவு பணிக்குப் பணி வேறுபட்டாலும் வகை ஒன்றே. கலைஞர், கைவினைஞர், ஊழியர் என்ற பிரிவினையைக் கல்வெட்டு அறியாது. திருப்பதியம் பாட 48 பிடாரரும், உடுக்கைக்கும் கொட்டி மத்தளத்துக்குமாக இருவரும் நியமிக்கப்பட்டதை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. இந்த ஐம்பதின்மருக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல், கோயில் பண்டாரத்திலிருந்து. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று பார்த்தால் ஆண்டுக்கு 91 கலத்துக்குச் சற்று மேல். ஆடுகிறவளின் பங்கைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்த ஏற்பாட்டில் புரவலன் யார் என்ற கேள்விக்கு நேர்த்தியான விடை இருந்தது. நிலம் இறைவனுடையது. அரசன் அதை ஒருமுறை கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறான். அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நெல் அளக்கப்படும். நம்மாழ்வாரின் மறுப்பும் காப்பாற்றப்பட்டது, சுந்தரரின் சோறும் கிடைத்தது. அரசன் உண்மையில் முழுதும் விலகிவிடவில்லைதான். கோயிலின் பெயரே இராசராசேச்சுரம். அங்கே வைகாசி விழாவில் இராசராசேச்சுவர நாடகம் நடத்த, இரண்டாம் இராசேந்திரன் ஒரு சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கினான். அந்த நாடகத்தின் ஏடு கிடைக்கவில்லை, நெல்லின் கணக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

தஞ்சைப் பட்டியலின் முக்கியமான பகுதி அதன் நிபந்தனை. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். உறவினர் தாம் தகுதியில்லாதவரானால், தகுதியுள்ள ஒருவரைத் தேடி அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாவிட்டால் அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கலையைப் பரம்பரையிடம் ஒப்படைத்தாலும் பரம்பரையை மட்டும் நம்பவில்லை. தேர்வை அதிகாரியிடம் விடாமல் சக கலைஞரிடம் விட்டதும் கூர்மையான யோசனை. ஆனால் அந்த 400 பெண்களும் தஞ்சைக்கு வர விரும்பினார்களா என்று எந்த வரியும் சொல்லவில்லை. அவர்கள் நீங்கிய பிறகு அந்தந்த ஊர்க் கோயில்களில் யார் ஆடினார்கள் என்பதும் இல்லை. சங்கப் பொருநன் விடை கேட்டுக் கிளம்பினான். தளிச்சேரிக்காரிக்கு அப்படிக் கிளம்பும் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.

உள்ளே இடம் பெற்றவர் இப்படியென்றால், வெளியே நின்றவர் யாழிசைக்கும் பாணர் குலத்தார். சம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் திருவாரூரில் இறைவன் வடதிசையில் தனி வாயில் வகுத்தான் என்கிறது பெரியபுராணம். அருள் என்று சொல்லப்படும் அந்த வாயிலே, பொது வாயில் வழியே அவர் போக முடியவில்லை என்பதற்குச் சாட்சி. தேவாரப் பண்கள் மறந்துபோனபோது அவர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் மீட்கப்பட்டன என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. பங்கு வரிசைக்கு வெளியே இருந்தவர்களிடம் இசை தங்கியிருந்தது என்பதை மரபே ஏற்றுக்கொண்ட இடம் இது.

பணிக்கு நிலம் என்ற கட்டு, கோயிலில் ஆடிய தேவதாசியருக்கு நவீன காலம் வரை தொடர்ந்தது. 1929-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத் திருத்தம் கோயில் பணி என்ற நிபந்தனையை மானிய நிலத்திலிருந்து கழற்றியது. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுதலை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. நிலம் மிஞ்சியவர்களுக்கு அது விடுதலை. ஆனால் கலையைத் தாங்கிய பொருளாதாரமும் அதோடு போயிற்று. கொடுமையை ஒழிக்காமல் ஆதரவை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பது இன்னும் ஓயாத வாதம். வழி இருந்தது என்போர், அந்த ஆதரவு எந்தக் கட்டின்மேல் நின்றது என்பதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கடவுளும் அரசனும் இல்லாத ஏற்பாட்டுக்குச் சோழமண்டலம் சான்று. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிறுவிய ஓவியர் கிராமம் அது. நிலம் வாங்கப் பணம் வந்தது பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை அவர்களே செய்து விற்றதிலிருந்து. கைவேலை சோறு போட்டது, ஓவியம் யாருக்கும் கடன்படாமல் இருந்தது. சிற்பி ஜானகிராம் செப்புத் தகடு தட்டிக் கடவுள் உருவங்களை அங்கே செய்தார், எந்தக் கோயிலும் கேட்டு அல்ல.

இன்றைய உறைவிடத் திட்டங்கள் இந்த ஏற்பாடுகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டிருக்கின்றன. சங்க விருந்தைப் போல நாள் வரையறை, தளிச்சேரியைப் போல வீடும் படியும், பல இடங்களில் சக கலைஞரே தேர்ந்தெடுக்கும் முறை. கோயில் கொடுக்காத ஒன்றையும் இவற்றில் சில கொடுக்கின்றன: எதையும் செய்து காட்டாமல் இருக்கும் உரிமை. கோயிலில் நெல் அளக்கப்பட்டது நாள் தவறாத பணிக்கு. பாடகர் யோசித்துக்கொண்டிருக்கும் நாளுக்கு அங்கே குறுணி கிடையாது. எனவே தங்கிய காலத்தில் ஒன்றும் எழுதாமல் போன எழுத்தாளருக்குக் கொடுத்த உதவி வீணா என்ற கேள்வி இந்தத் திட்டங்களுக்கே உரியது. அப்பரின் காசை வைத்துப் பார்ப்பவர் வீண் என்பார். கைமாறு எதிர்பாராமல் கொடுப்பதே கொடை என்று கொள்பவர் அந்தக் கணக்கைத் தொடங்கவே மாட்டார்.