எதைப் பொறுத்துச் சுற்றுகிறது?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கூம்பு ஊசல் கணக்கு நான்கு வரியில் முடிந்துவிடும். நூலில் கட்டிய குண்டு கிடைமட்ட வட்டத்தில் சுற்றுகிறது; நூல் சாய்ந்து நிற்கிறது. இழுவிசையின் செங்குத்துக் கூறு எடையைத் தாங்க, கிடைக்கூறு மையநோக்கு விசையாகிறது. இரண்டையும் வகுத்தால் நிறை அடிபட்டுப்போகும். திருவிழாவில் சங்கிலி ராட்டினம் சுற்றும்போது கவனித்தால் தெரியும்: ஆள் உட்கார்ந்த இருக்கையும் பக்கத்துக் காலி இருக்கையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாய்கின்றன. ஒரு மீட்டர் நூல் 60 பாகை சாய்ந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.42 நொடி, இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்கு. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சாய்வு 90 பாகையைத் தொடாது. தொட்டால் எடையைத் தாங்க ஆளில்லை.

மாணவர்கள் சறுக்குவது வேறிடத்தில். வெளியில் நிற்பவருக்கு எடை, இழுவிசை என்று விசைகள் இரண்டே. குண்டோடு சேர்ந்து சுற்றுபவருக்கோ குண்டு அசைவதே இல்லை. ஆகவே வெளியே இழுக்கும் மையவிலக்கு விசையை மூன்றாவதாகச் சேர்த்தாக வேண்டும். இரண்டு படங்களையும் கலந்து வரைந்தால் மதிப்பெண் போய்விடும். மூன்றாவது விசை 'போலி' என்று சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த கணக்குக்குப் போகும்.

சுற்றுவது குண்டுதான், உலகமல்ல என்று தீர்ப்புச் சொன்னது யார்?

நியூட்டனிடம் பதில் இருந்தது. 1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் அவர் இரண்டு குண்டுகளைக் கயிற்றால் இணைத்து, வேறெதுவுமே இல்லாத வெற்றிடத்தில் சுழலவிடுகிறார், கற்பனையில்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. ஆனாலும் கயிறு விறைத்திருந்தால் அவை சுழல்கின்றன என்று அறியலாம். எதைப் பொறுத்து? அசைவற்ற, எல்லையற்ற தனிமுதல் வெளியைப் பொறுத்து. 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் இன்னும் ஒரு படி போனார்: எங்கும் எப்போதும் இருப்பதாலேயே கடவுள் வெளியையும் காலத்தையும் உண்டாக்குகிறார் என்றார். கயிற்றின் விறைப்பைத் துருவிப்போனால் கடவுளிடம் போய் நிற்கிறது.

இதில் ஆபத்தைக் கண்டவர் நாத்திகர் அல்லர். ஆங்கிலிகன் குருவான ஜார்ஜ் பெர்க்லி. தொடக்கமும் முடிவும் இல்லாத, யாராலும் படைக்கப்படாத வெளி ஒன்று உண்டென்றால், ஒன்று அதுவே கடவுளாக வேண்டும், அல்லது கடவுளுக்குச் சமமாக இன்னொன்று இருந்தாக வேண்டும் என்று 1710இலேயே எழுதினார். இரண்டையுமே அவரால் ஏற்க முடியவில்லை. 1721இல் நேராக அந்த இரு குண்டுகளின்மேலேயே கைவைத்தார்: அவற்றைத் தவிர எதுவும் இல்லையென்றால் சுழற்சி என்பதை எண்ணிப்பார்க்கவே முடியாது, நட்சத்திரங்கள் தோன்றிய பிறகுதான் அந்தப் பேச்சுக்கே பொருள் வரும். இறையியல் கவலையிலிருந்து முளைத்த கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து இயற்பியலர் பலரைவிட அவர் கூர்மையாகவே கேட்டார்.

கயிறு ஏன் விறைக்கிறது என்பதற்கு மட்டும் பெர்க்லியிடம் கணக்கு இல்லை. 1883இல் எர்ன்ஸ்ட் மாக், கடவுளை இழுக்காமலே, தொலைதூர நட்சத்திரங்களைப் பொறுத்தே சுழற்சியைப் பேச முடியும் என்று வாதிட்டார். ஐன்ஸ்டைன் அதில் மயங்கி 1918இல் 'மாக் கொள்கை' என்று பெயரும் சூட்டினார். 1954இலோ, இனி அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று கடிதம் எழுதினார்.

சுற்றியுள்ள பொருளுக்கும் இதில் பங்குண்டு என்ற அளவில் மாக் முழுக்கத் தோற்றுவிடவுமில்லை. சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியைச் சற்றே இழுத்துக்கொண்டு போகும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் தரும் முடிவு. 2004இல் ஏவப்பட்ட 'கிராவிட்டி புரோப் பி' செயற்கைக்கோளின் சுழல்காட்டிகள் அந்த இழுப்பால் ஆண்டுக்கு 39 மில்லி வில்நொடி திரும்ப வேண்டும். 2011இல் வெளியான முடிவு 37, கூடக்குறைய 7. ஆனால் அதே கோட்பாட்டில் நட்சத்திரமே இல்லாத வெற்று வெளிக்கும் இடமுண்டு. அங்கே அந்த இரு குண்டுகளைச் சுழலவிட்டாலும் கயிறு விறைக்கும் என்றே சமன்பாடுகள் சொல்கின்றன.